எக்ஸெலில் ஒரு டாலர் குறி

மருந்துக்கடைக்காரங்க, மளிகைக்கடைக்காரங்க யாராவது ஸ்டாக்கை எக்ஸெல்ல வச்சிருந்தா இதைக் கட்டாயம் படிங்க. காலாவதி தேதியை வரிவரியா கண்ணால தேட வேண்டியதே இல்லை. நாம சொல்ற நிபந்தனைக்கு ஒத்துவர்ற செல்லுக்கு (கட்டத்துக்கு) தானா நிறம் கொடுக்கிற கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அந்த வேலையைப் பார்த்துக்கும்.

தேதி 'சி' நெடுவரிசையில (column) இருக்குன்னு வைங்க. தலைப்பு வரியை விட்டுட்டு இரண்டாவது வரியிலிருந்து மொத்தப் பட்டியலையும் செலக்ட் பண்ணுங்க. ஹோம் டேப்ல கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போய், நியூ ரூல்ல ஃபார்முலா எழுதுற வகையை எடுங்க. சி2-ல இருக்கிற தேதி, இன்னைய தேதியைத் தர்ற டுடே ஃபங்ஷனோட 90 கூட்டினதைவிடச் சின்னதான்னு கேளுங்க, அதாவது =$C2<TODAY()+90. நிறம் கொடுங்க. அவ்வளவுதான். டுடே தினமும் தானா மாறும், அதனால நாளைக்கு 90 நாளுக்குள்ள வர்ற மருந்து நாளைக்குத் தானா நிறம் மாறும்.

உயிர்நாடி ஃபார்முலாவுல இருக்கிற அந்த டாலர் குறிதான். 'சி'க்கு முன்னாடி டாலர் வேணும், 2-க்கு முன்னாடி கூடாது. அப்பதான் மருந்துப் பேர், பேட்ச் நம்பர், விலைன்னு முழு வரியும் நிறமாகும். பலபேர் சோர்ந்து விட்டுடுறது இந்த இடத்துலதான்.

காலி செல்லை எக்ஸெல் பூஜ்யமா எடுத்துக்கும், அதுவும் நிறமாயிடும். 'காலியா இருக்கக் கூடாது'ன்னு ஆண்ட் (AND) ஃபங்ஷன் போட்டு இன்னொரு நிபந்தனை சேர்த்துடுங்க.

நிறம் வந்ததும் ஃபில்டர்ல நிறத்தை வச்சே பிரிக்கலாம். மருந்தைத் திருப்பி அனுப்புற பட்டியல் கையில ரெடி. சிவப்பு-பச்சை ஜோடி மட்டும் வேண்டாம், அது பிரிச்சுத் தெரியாதவங்க நம்ம கடையிலேயே இருக்கலாம். ஆரஞ்சும் நீலமும் நல்லா எடுபடும்.

எக்ஸெல் 2003 பதிப்பு வரைக்கும் ஒரு செல்லுக்கு மூணு நிபந்தனைதான் வைக்க முடிஞ்சுது. எக்ஸெல் 2007-ல அந்த வரம்பு போயிடுச்சு. 30 நாளுக்கு ஒண்ணு, 90 நாளுக்கு ஒண்ணுன்னு தாராளமா வைங்க, ரூல் பட்டியல்ல 30 நாள் ரூல் மேல இருக்கட்டும்.