ஆடிக்காற்றில் ஆற்றுக்குப் போவதை முந்தின இரவே முடிவுசெய்வது

ஆனி பிறந்து மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, எழும்பிவிட்டால் தாமிரபரணியில் கயாக் என்ற சிறு துடுப்புப்படகை ஓட்டுவதும் எஸ்.யூ.பி. பலகையில் நின்று துடுப்புப் போடுவதும் தானாகக் குறைந்துவிடும். காலையில் மொட்டைமாடிக்குப் போய், கொடியில் துணி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று திரும்பப் படுத்துவிடுவது எளிது. மாடியில் அடிக்கிற காற்றும் ஆற்றில் தண்ணீர் மட்டத்தில் அடிக்கிற காற்றும் ஒன்றில்லை என்பதால் அந்தத் தீர்ப்பு பல நாள் தப்பிவிடும். ஆடி, ஆவணியிலும்கூட விடியற்காலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆறு இடம் கொடுக்கிற நாள்கள் உண்டு. அது எந்த நாள் என்று முந்தின இரவே எண்களை வைத்து ஓரளவு சொல்லிவிட முடியும். காற்றுக்காலம் முழுவதும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் காற்று வருகிற விதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வருகிற பருவக்காற்று, தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் மிக வேகமாக ஓடுகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமும் உச்சியிலும் கொட்டிவிட்டு, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, நம் சமவெளிக்கு வறண்ட காற்றாக இறங்குகிறது. 1,868 மீட்டர் அகத்தியமலையும் அதை ஒட்டிய சிகரங்களும் மறிக்கிற இடத்தில் ஒதுங்கி, வடக்கே செங்கோட்டைக் கணவாயிலும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. கயத்தாற்றிலும் பணகுடி, முப்பந்தல் பக்கமும் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது இதனால்தான். இரண்டு கணவாய்க்கும் நடுவே மலை மறைவில் இருக்கிற பாபநாசம், அம்பாசமுத்திரம் பகுதியில் சராசரி வேகம் குறைவாகத் தெரியலாம். ஆனால் சரிவில் இறங்குகிற காற்று அங்கே விட்டுவிட்டு மோதும். காற்றின் வேகத்தை ‘நாட்’ என்ற அளவில் சொல்வார்கள், 1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. சீரான 10 நாட் காற்றைவிட, 4 நாட்டில் கிடந்து திடீரென்று 15 நாட்டுக்கு எகிறுகிற காற்றுதான் பலகையில் நிற்பவரைத் தண்ணீரில் தள்ளும்.

விடியற்காலை அமைதிக்குக் காரணம் இரவுக் குளிர்ச்சி. தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துகொள்கிறது. மேலே ஓடுகிற வேகக்காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வெயில் ஏறித் தரை சுட்டதும் தரையோரக் காற்று மேலே கிளம்பும், அதற்குப் பதிலாக உயரத்து வேகம் கீழே இறங்கும். பெரும்பாலும் எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் இது நடந்துவிடும். இந்த அமைதியை இரண்டு விஷயம் கெடுக்கும். இரவு முழுக்கத் தாழ்ந்த மேகம் மூடிக்கிடந்தால் தரை சரியாகக் குளிராது. உயரத்து வேகம் மிக அதிகமாக இருந்தால் குளிர்ந்த அடுக்கையே அது கலைத்துவிடும். ஆகவே இரவில் பார்க்க வேண்டியவை தரைக்காற்று, இடையிடையே எழும் வீச்சு, உயரத்துக் காற்று, தாழ்மேகம் ஆகிய நான்கும்தான். மற்ற எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

விண்டி, விண்ட்குரு என்ற காற்றுக் கணிப்புத் தளங்கள் இரண்டில் எதைத் திறந்தாலும் எந்த மாதிரி (வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கு), எந்த நேரத்து ஓட்டம் (அந்தக் கணக்கைப் போட்ட வேளை) என்பதை முதலில் பாருங்கள். மாலை 5.30 மணி அளவீடுகளிலிருந்து தொடங்குகிற ஓட்டம், அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரியில் இரவு பத்து மணியை ஒட்டி வந்துவிடும். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் அதே ஓட்டம் நள்ளிரவுவாக்கில்தான் வரும், அதற்காக விழித்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், ஜி.எஃப்.எஸ். கட்டம் 25 கிலோமீட்டரை ஒட்டியது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர் என்றால், பெரிய கட்டத்தில் இந்த முழுத் தூரமும் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதில் மலையும் கணவாயும் தட்டையாகிப்போகும். அதனால் எந்த மாதிரி உங்கள் படித்துறைக் காற்றைச் சரியாகச் சொல்கிறது என்று தேடிக்கொண்டே இருக்காமல், ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதன் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிப்பது மேல். இரவுக்கு இரவு மாதிரியை மாற்றினால், நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வதையே கண் தேடும்.

திறந்ததும் காலை 6, 7, 8, 9 மணிக்கான தரைக்காற்று எண்களைக் குறியுங்கள். அடுத்து, அதே நேரங்களுக்கான வீச்சு. வானிலை அறிவிப்பில் ‘மணிக்கு 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும்’ என்று வாசிப்பார்களே, அந்த ‘இடையிடையே’தான் இது. மூன்றாவதாக உயரப் பட்டியை 925 ஹெக்டோபாஸ்கல் என்ற காற்றழுத்த அளவுக்கு நகர்த்துங்கள். அது சுமார் 750 முதல் 800 மீட்டர் உயரம். அங்கே காலை 5.30 மணிக்கு 20 நாட்டுக்குக் கீழே இருந்தால் ஆறு அமைதியாக இருக்க வாய்ப்பு நன்றாக உண்டு. 20 முதல் 30 வரை என்றால் மேகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். 30-க்கு மேல் போனால் விடியலை நம்பக் கூடாது. இவை தொடங்குவதற்கான வரம்புகள். உங்கள் இடத்துக்கு ஏற்ப இரண்டு, மூன்று நாட் கூடும் குறையும்.

மாதிரி சொல்லும் தரைக்காற்று, திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்துக் காற்று. தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதன் முக்கால் பங்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று உடம்பைத் தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 10 நாட்டிலிருந்து 14 நாட்டுக்குப் போனாலே தள்ளுவிசை கிட்டத்தட்ட இரட்டிப்பு. 20 நாட் என்றால் நான்கு மடங்கு. ‘இன்னும் நாலு நாட்தானே’ என்று இறங்கியவர் திரும்பும்போது திணறுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

காலையில் கரைக்குப் போகிற வழியிலேயே பாதிச் சோதனை முடிந்துவிடும். காற்றாலை கண்ணுக்குத் தெரிகிற ஊராக இருந்தால் அதன் முகத்தைப் பாருங்கள். இறக்கைகள் காற்று வருகிற திசையைப் பார்த்தே நிற்கும். ஆற்றில் இலை அசையாதபோது அங்கே இறக்கை சுற்றிக்கொண்டிருந்தால், வேகம் மேலே காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்பது மணிக்குள் கரையேறத் திட்டமிடுங்கள். சுற்றுகிற வேகத்தை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்காதீர்கள். பழைய காற்றாலைகள் பல, காற்று எவ்வளவு அடித்தாலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

கரையில் முகத்தில் காற்று பட்டு, மருத மர இலை சலசலத்தால் 4 முதல் 6 நாட். சிறு குச்சிகளும் விடாமல் ஆடினால் 7 முதல் 10. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 11 முதல் 16. தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தலை காட்டினால் 17-ஐ நெருங்கிவிட்டது, படகைக் கீழே இறக்காதீர்கள். வாழைத்தோட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. வாழையிலை மெல்லிய காற்றுக்கே பெரிதாக ஆடும். கையில் பிடிக்கிற காற்றுமானி இருந்தால் மரத்தையும் படித்துறை மண்டபத்தையும் விட்டு விலகி, கையைத் தலைக்குமேல் நீட்டி, இரண்டு நிமிடம் பிடித்துச் சராசரியையும் உச்சத்தையும் குறியுங்கள். உச்சம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம். இரண்டு மடங்கைத் தாண்டினால் அது மலைச்சரிவுக் காற்று, சராசரி குறைவாக இருந்தாலும் பலகையில் நிற்க வேண்டாம்.

இனி ஆறு. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரை தாமிரபரணி பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்காக ஓடுவதால் மேல்காற்று நீரோட்டத்தோடு சேர்ந்து தள்ளும். போகும்போது சுகம், திரும்பும்போது இரண்டையும் எதிர்க்க வேண்டும். அதனால் முதலில் மேற்கே ஏறுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடினமான பாதியை முடித்துவிட்டு, காற்று எழும்புகிற நேரத்தில் அதைப் பின்னால் வைத்துத் திரும்பலாம். சீவலப்பேரியில் சிற்றாறு சேர்ந்தபின் ஆறு தென்கிழக்காகத் திரும்புகிறது. அங்கே இதே காற்று பக்கவாட்டில் அடித்துப் படகை இடக்கரைக்கு ஒதுக்கும். வலக்கரையை ஒட்டிப் போனால் மரமறைவு கிடைக்கும்.

அணைக்கட்டுத் தேக்கங்களில்தான் எனக்குப் பெரிய கவலை. கன்னடியன், சுத்தமல்லி போன்ற அணைக்கட்டுகளுக்கு மேற்கே தண்ணீர் தேங்கி அகலமாக, பழகுவதற்கு வசதியாகத் தெரியும். ஆனால் மேல்காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தள்ளுகிற திசை அணைக்கட்டின் விளிம்புதான். துடுப்பைத் தவறவிட்ட பலகை அங்கேதான் போய்ச் சேரும். வழிந்து விழும் தண்ணீர் கீழே சுருண்டு, விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது விடாது. விளிம்பிலிருந்து குறைந்தது 200 மீட்டர், காற்று 8 நாட்டைத் தாண்டினால் 400 மீட்டர் மேற்கேயே திரும்பிவிடுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் தேக்கத்தில் இறங்கவே கூடாது.

நோட்டு இல்லாமல் இவ்வளவும் வீண். ஒரு கோடுபோட்ட நோட்டில் தேதி, மணி, மாதிரி சொன்ன வேகம், கரையில் அளந்த வேகம், திசை, 925 எண், மேகம் என்று ஏழு கட்டம் போதும். மேல்காற்றுக்கு ஒரு பகுதி, கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்றுக்கு ஒரு பகுதி என்று பிரித்துவிடுங்கள், இரண்டையும் கலந்தால் சராசரி எதற்கும் உதவாது. எடுத்துக்காட்டாக, காலை 7 மணிக்கு மாதிரி 10, 12, 9, 14 என்று சொல்லி, கரையில் 6, 7, 5, 9 கிடைத்திருந்தால் கூட்டுத்தொகை 45-க்கு 27, அதாவது 0.6. அடுத்த நாள் மாதிரி 13 சொன்னால் 8 நாட் எதிர்பார்க்கலாம். நான்கு நாள் கணக்கு விதத்தைக் காட்டத்தான். இருபது நாளாவது சேர்ந்தபின் நம்புங்கள். ஏழு மணிக்குக் கிடைத்த விகிதத்தை ஒன்பது மணிக்குப் போடாதீர்கள். உயரத்து வேகம் கீழே இறங்கியபின் விகிதம் கூடிவிடும்.

முடிவெடுக்கும் விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மாதிரி சொன்ன வேகத்தை உங்கள் விகிதத்தால் பெருக்கித் திருத்திய எண் 8 நாட்டுக்குள் என்றால் முழுப் பயணம். 8 முதல் 12 வரை கயாக் மட்டும், முக்கால் மணி நேரம், மேற்கே ஏறித் திரும்புவது. 12-க்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. மனம் தளர்வது பெரும்பாலும் ஐந்தரை மணிக்கு, போர்வைக்குள். அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. இரவு பத்தரைக்குள் விதிப்படி முடிவை எழுதி, மிதவைச் சட்டையையும் துடுப்பையும் வாசலில் வைத்துவிட்டால் காலையில் எழுந்து போவது ஒன்றுதான் பாக்கி. கரையில் காற்று கணிப்பைவிட மோசமாக இருந்தால் விதி அங்கேயே உங்களைத் திருப்பி அனுப்பும். ஆனால் வீட்டிலிருந்தபடி அந்த முடிவை மாற்றக் கூடாது.

12-க்கு மேல் போன நாளிலும் கரைக்குப் போய் இரண்டு நிமிடம் அளந்துவிட்டு வாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஆர்வம் என்பதைத் தினமும் உள்ளிருந்து எழ வேண்டிய ஒன்றாக நினைத்தால் ஆடியில் அது காய்ந்துவிடும். நோட்டில் ஒரு வரி நிரப்புவது சிறிய வேலை, அதற்கு உற்சாகம் தேவையில்லை. நேற்று எழுதிய கணிப்பு சரியா என்று பார்க்கும் ஆவல் கால்களைக் கரைக்குக் கொண்டுபோகும். கணிப்பு தப்பிய நாள்தான் நோட்டுக்கு அதிகம் சொல்லித்தரும். ஏன் தப்பியது, மேகமா, 925 வேகமா என்று பக்கத்தில் இரண்டு சொல் எழுதுங்கள்.

பங்குனி, சித்திரையில் காலைக்காற்று பெரிய தொல்லை இல்லை. மாலையில் மன்னார் வளைகுடாவிலிருந்து கடற்காற்று உள்ளே வரும், ஸ்ரீவைகுண்டம் பக்கம் முன்னதாகவும் திருநெல்வேலியில் பிந்தியும். அப்போது பயப்பட வேண்டியது இடிமேகத்துக்குத்தான். மேற்கே மலைமேல் மேகம் குடைபோல் விரிந்து, புழுக்கம் கூடி, காற்று சட்டென்று நின்றுபோனால் அடுத்து மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று மோதும். எந்த மாதிரியும் இதை நிமிடக் கணக்கில் சொல்லாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை கீழ்காற்று, ஆற்றோட்டத்துக்கு எதிர்ப்பக்கம். 10 நாட் என்றாலும் ஓட்டத்தோடு மோதி அலை குட்டையாக, செங்குத்தாக எழும். ஆனால் அந்த மாதங்களில் காற்றை இரண்டாம் இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரையை மீறிய வேகத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் செம்மண் நிறமாகிக் குப்பையும் கிளையும் மிதந்து வந்தாலோ, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறப்பு அறிவித்தாலோ காற்று எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இறங்கக் கூடாது. நோட்டின் கீழ்காற்றுப் பகுதியைத் தண்ணீரிலிருந்து விலகி, பாலத்து நடைபாதையிலோ மேட்டிலோ நின்று அளந்து நிரப்பிவாருங்கள். இடம் மாறினால் அதையும் எழுதிவையுங்கள். பாலத்தில் நின்று எடுத்த எண்ணைப் படித்துறை எண்ணோடு சேர்த்தால் விகிதம் கெட்டுவிடும்.