லோ குழுவின் இரைச்சல்

பாணியை மாற்றிய ராக் குழுக்கள் ஏராளம். ஆனால் 'லோ' செய்த அளவுக்குத் துணிச்சலாக மாற்றியவர்கள் ரொம்பக் குறைவு என்பேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் துலூத் என்ற ஊர்க்காரர்கள். ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் இருவரும் கணவன் மனைவி. 1994இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே நிதானமும் மெல்லிய சத்தமும்தான் அவர்கள் அடையாளம். மிமி நின்றுகொண்டே டிரம்ஸ் வாசிப்பார். டாம், ஸ்னேர் என்று இரண்டே டிரம், சிம்பல் என்ற ஒரு உலோகத் தட்டு, அவ்வளவுதான். பல பாட்டுகளில் குச்சிகூட இல்லை, பிரஷ்தான்.

அப்படிப்பட்டவர்கள் 2018இல் தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு சேர்ந்து 'டபுள் நெகட்டிவ்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் பாட்டைப் போட்டதுமே ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். கரகரவென்ற இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்குகிறது. குரல் அதற்குள் அமுங்கி அமுங்கி வெளியே வருகிறது. கிட்டார் எது என்றே தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் சிதைத்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடவில்லை: ஆலன், மிமி இருவரின் குரல்களும் சேர்ந்து பாடும் இணக்கத்தை. இரைச்சல் விலகி மிமியின் குரல் தெளிவாகக் கேட்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

2021இல் வந்த 'ஹே வாட்' ஆல்பம் இதே வழியில் இன்னும் தூரம் போனது. அதுவே கடைசி. 2022 நவம்பரில் புற்றுநோய் மிமியைக் கொண்டுபோய்விட்டது.

சரி, 'டபுள் நெகட்டிவ்' கேட்பதாக இருந்தால் ஹெட்ஃபோன் போட்டு, முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஒரு பாட்டு அடுத்ததற்குள் கரைந்து போகிறது. தனித்தனியாக எடுத்தால் பிடிபடாது.