கரிச்சானின் தகப்பன்

2025 ஜனவரி 11

எங்கள் கொரங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு, இன்று ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. தாராபுரம் சாலையோரக் கருப்பராயன் கோயிலை ஒட்டியே திரியும் செவலை நாய், கார்த்திகையில் ஈன்ற ஐந்து குட்டிகளில் இது ஒன்று. கோயிலில் பூக்கட்டும் அம்மாள், குட்டிகள் பிறந்த நாளை மதில் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்: நவம்பர் 22. அந்தக் கணக்குப்படி இன்று ஐம்பதாவது நாள்.

தாய் நல்ல செவலை, நிமிர்ந்த காது, சுருட்டிய வால். குட்டியோ முழுக் கருப்பு. புருவத்துக்கு மேல் மிளகளவில் இரண்டு தவிட்டு நிறப் பொட்டுகள் இருக்கின்றன. மூக்கின் இரு பக்கங்களிலும் கால்களின் கீழ்ப்பகுதியிலும் அதே தவிட்டு நிறம். வலது முன்னங்காலில் மட்டும் இரண்டு விரல்கள் வெள்ளை. கரிச்சான் குருவியைப் போல் மினுமினுத்ததால் கரிச்சான் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நோட்டு உண்டு. காங்கேயம் கன்றானாலும் மேச்சேரிச் செம்மறிக் குட்டியானாலும், பிறந்த தேதி, தாய், தகப்பன் என்று மூன்று கட்டங்களில் எழுதி வைப்பது வழக்கம். கரிச்சானுக்கு முதல் இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

2025 ஜனவரி 15, பட்டிப் பொங்கல்

பட்டியில் பொங்கல் வைத்து முடிந்ததும், வந்திருந்த உறவினர்கள் அத்தனை பேரும் குட்டியைச் சுற்றி அமர்ந்துவிட்டார்கள். தெற்கே கோவில்பட்டிப் பக்கம் பல ஆண்டுகள் வேலை பார்த்த பெரியப்பா, இது கன்னி நாயின் கலப்பு என்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்த நாத்தனார் மகன் டாபர்மேன் என்றான். கொழுந்தனார் குட்டியின் மார்பை அகலக் கையால் அளந்து பார்த்துவிட்டு, ராட்வீலரேதான் என்று சாதித்தார். மூவரும் சான்றாகக் காட்டியது அந்தத் தவிட்டுப் பொட்டுகளைத்தான். மூன்று இனங்களுக்குமே அந்தப் பொட்டு உண்டு என்பதால் யாரையும் மறுக்க முடியவில்லை.

கொழுந்தனார் சொன்னதுதான் மனத்தில் தங்கிவிட்டது. 2024 மார்ச்சில், ராட்வீலர் உட்பட 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் வளர்க்க அனுமதிக்கக் கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதையும், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் அவர் நினைவுபடுத்தினார். "சட்டம் எப்படியோ போகட்டுங்க அண்ணி, ஆட்டுப்பட்டிக்குள்ள அந்த ரத்தம் வேண்டாமுங்க" என்றார். மேற்கே உள்ள கோழிப்பண்ணையில் ஒரு ராட்வீலர் இருப்பது ஊருக்கே தெரியும். அதுதான் தகப்பன் என்பது இன்றைய கூட்டத்தின் முடிவு.

2025 ஜனவரி 24

குடற்புழு மருந்துக்காகக் கரிச்சானைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் காது, பல், வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "நிறத்தை வெச்சுத் தகப்பனைத் தேடாதீங்க" என்று மட்டும் சொன்னார். வரிசையில் ஆட்கள் நின்றதால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. இரவு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மகளைத் தொலைபேசியில் பிடித்தேன்.

கருப்பு உடலில் தவிட்டுப் பொட்டு வர வேண்டுமானால், அதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்திருக்க வேண்டும் என்றாள் அவள். ஒன்று மட்டும் இருந்தால் செவலை அதை மூடிவிடும். எனவே செவலைத் தாய் அந்தக் கருப்பை உடம்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள் என்பது உறுதி. தகப்பனும் அப்படியே ஒளித்து வைத்த செவலையாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு செவலைகளுக்குச் சராசரியாக நாலில் ஒரு குட்டி இந்த நிறத்தில் பிறக்கும். நாங்கள் அனைவரும் தகப்பனின் அடையாளமாகப் பார்த்தது பாதிக்குப் பாதி தாயின் சொத்து.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கிறது. ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் சாயலான மயிலை நிறத்துக்கு மாறிவிடுகிறது. பிறந்த நிறத்தை நம்பி மாட்டை விலை பேசுபவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மகள் இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட ஆய்வில், காக்கர் ஸ்பானியலையும் பசென்ஜியையும் கலந்து பிறந்த குட்டிகளில் பல, இரண்டு இனத்தையுமே ஒத்திருக்கவில்லையாம். மேலும், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்கவும் கூடும். கோயிலில் மீதமிருக்கும் குட்டிகளில் ஒன்று சடை சடையாக மயிர் வளர்ந்து, நம் பக்கத்தில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் நாயைப் போல் இருப்பதைச் சொன்னேன். "அதுக்கு அப்பா வேறயா இருக்கலாம்மா, ஒரே அப்பாவாவும் இருக்கலாம்" என்றாள்.

2025 பிப்ரவரி 3

நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். நவம்பர் 22இலிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 20, அதாவது புரட்டாசி தொடங்கிய நான்காம் நாள். சில நாட்கள் முன்பின் என்று விட்டுக்கொடுத்தாலும் புரட்டாசி முதற்பாதியைத் தாண்டாது.

மாலையில் கோழிப்பண்ணைக்குப் போய்க் கேட்டேன். அந்த ராட்வீலர் வந்தது தீபாவளி கழிந்த பிறகுதான் என்று தெரிந்தது. முந்தைய உடைமையாளர் கொடுத்த தடுப்பூசி அட்டையைக் கூட எடுத்துக் காட்டினார்கள். தீபாவளி அக்டோபர் 31. அந்த நாய் ஊருக்குள் காலெடுத்து வைத்தபோது கரிச்சான் தாய் வயிற்றில் ஆறாவது வாரத்தில் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாரை அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் வேறு யார் என்று கேட்டார்.

2025 பிப்ரவரி 8

நேற்று இரவு கிழக்குக் காட்டில் நாய்கள் புகுந்துவிட்டன. கிளுவை வேலியில் ஒரு சந்து வழியாக நுழைந்து, பட்டிப் படலைத் தள்ளி, ஏழு ஆடுகளைக் குதறிப் போட்டிருக்கின்றன. நான்கு சினை ஆடுகள். விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். அந்தக் காட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்து, இன்னும் உயிரோடிருந்த ஓர் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

2025 பிப்ரவரி 12

எங்கள் பட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கரிச்சானை இனி உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தில் கருப்பில் தவிட்டுப் பொட்டு வைத்த உயரமான நாய் ஒன்று ஓடியதைக் கிழக்குக் காட்டில் பார்த்திருக்கிறார்களாம். "ஆடு கடிச்ச ரத்தமுங்க அம்மிணி. இன்னிக்கு இல்லாட்டி ஆறு மாசம் கழிச்சுக் காட்டும்" என்றார். நாற்பது ஆண்டுகளாக ஆடு மேய்ப்பவர், நேற்று முன்தினம் வரை செத்த ஆடுகளுக்குக் குழி தோண்டியவர் சொல்வதை நான் எப்படித் தட்டுவது?

ஆனாலும் விட மனமில்லாமல் மகளிடம் மறுபடியும் கேட்டேன். 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வைப் படித்துக் காட்டினாள். 18,385 நாய்களை வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு, அவற்றில் 2,155 நாய்களின் மரபணுவையும் படித்திருக்கிறார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில், இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 சதவீதம் மட்டுமே. தகப்பன் பெயரைக் கண்டுபிடித்தாலும் கரிச்சான் ஆட்டைத் தொடுவானா மாட்டானா என்பதை அந்தப் பெயர் எனக்குச் சொல்லப் போவதில்லை. நாட்டு நாயைக் கலப்பு என்பதே பிழை என்றும் அவள் சொன்னாள்: இன்றைக்கு இனம் என்று பெயர் பெற்றவற்றில் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் மனிதர் தேர்ந்தெடுத்துப் பிரித்தவை; தெருவில் திரியும் நாயின் வழி அவற்றைவிட மூத்தது.

இதைவிட என்னைப் பதற வைத்தது வேறொன்று. குட்டி எதைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது என்பது பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரத்துக்குள் படிந்துவிடுகிறது. இன்றைக்குக் கரிச்சான் பன்னிரண்டாவது வாரத்தில் இருக்கிறான். தகப்பன் யார் என்று நான் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், அவன் ஆடுகளோடு இருந்திருக்க வேண்டிய நாட்கள் வீட்டுத் திண்ணையில் கழிந்துவிட்டன.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். பட்டிக்குள் மூங்கில் படலால் ஒரு மூலையை அடைத்துக் கரிச்சானை அங்கே கட்டலாம், ஆடுகள் வந்து முகர்ந்து பார்க்கட்டும், அவர் இல்லாத நேரத்தில் அவிழ்க்கவே கூடாது என்று மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்.

2025 பிப்ரவரி 22

மூன்று மாதம் நிறைந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று. அட்டையில் இனம் என்ற இடத்தில் மருத்துவர் 'நாட்டு நாய்' என்று எழுதினார்.

2025 மார்ச் 16

கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துவிட்டது. ஆடுகள் வெள்வேல மரத்தடியில் காய் பொறுக்குகின்றன. கரிச்சானின் இடது காது நிமிர்ந்துவிட்டது, வலது காது பாதியில் மடிந்து நிற்கிறது. வால் ஒரு சுற்றுச் சுருண்டிருக்கிறது. வெயிலில் பார்த்தால் கருப்பின் அடியில் செம்மை தெரிகிறது.

இன்று காலை, பிறந்து இரண்டு நாளான செம்மறிக் குட்டி ஒன்று படலின் சந்து வழியாக அவனுடைய மூலைக்குள் போய்விட்டது. பெரியவர் கோலை எடுத்துக்கொண்டு ஓடினார், நானும் ஓடினேன். கரிச்சான் எழுந்து நின்று, குட்டியின் பின்புறத்தை நக்கினான். பிறகு வயிற்றைக் காட்டி மல்லாந்து படுத்துக்கொண்டான். தாய் ஆடு கத்தியது, குட்டி அவன்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போயிற்று. பெரியவர் கோலைப் படலில் சாத்தி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டுக்குச் சுழி பாக்கலாமுங்க. இதுக்கு இன்னொரு ஆறு மாசம் பாக்கோணும்" என்றார். சாயங்காலம் அவரே கரிச்சானை அவிழ்த்து, கயிற்றைக் கையில் பிடித்தபடி ஆடுகளுக்குப் பின்னால் காட்டைச் சுற்றி வந்தார்.

இரவு நோட்டை எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில், 'புரட்டாசியில் வந்தது' என்று எழுதி வைத்தேன்.