மலிவு டிக்கெட்டில் ரோமாபுரிக்கு

பிளாரன்ஸிலிருந்து ரோமுக்கு ரயிலில் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதிவேக ரயில். அதன் கட்டணம் பயண நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போய், கடைசி நேரத்தில் ஐம்பது யூரோவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். மற்றொன்று, ஊர் ஊராக நின்று ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் 'ரெஜியோனாலே' என்னும் வட்டார ரயில். இதில் இருக்கை எண் கிடையாது, ஒரு மாதத்துக்கு முன் வாங்கினாலும் வண்டி புறப்படும் முன் வாங்கினாலும் இருபத்துச் சொச்சம் யூரோ என்ற ஒரே கட்டணம்தான். தனியாக ஊர் சுற்றுபவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம் என்பதால் இரண்டாவது வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். மிச்சப்படவிருந்த முப்பது யூரோவை ரோமில் எப்படிச் செலவழிப்பது என்று முந்தைய இரவே திட்டமும் தீட்டியாயிற்று.

காலை ஆறரை மணிக்குச் சாந்தா மரியா நோவெல்லா நிலையத்தை அடைந்தபோது, அன்று வேலைநிறுத்தம் என்ற அறிவிப்பு மின்பலகையின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியில் இது யாரையும் பதற வைக்கும் செய்தியன்று. பத்து நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும், வார நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் உள்ளூர் மக்களுக்கான வண்டிகள் ஓடியாக வேண்டும் என்றெல்லாம் சட்டமும் ஒப்பந்தங்களும் வகுத்து வைத்திருப்பதால், வேலைநிறுத்தத்துக்கே ஒரு கால அட்டவணை உண்டு. அன்றைய நிறுத்தம் காலை 9.01 முதல் மாலை 4.59 வரை. அந்த நாட்டு ரயில்வேயில் நிமிட சுத்தமாகத் தொடங்கி நிமிட சுத்தமாக முடிவது இது ஒன்றுதான் என்று பின்னர் ஒரு பெரியவர் சொன்னார். அவரைப் பற்றி இனிமேல் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும்.

காகித டிக்கெட் வைத்திருப்பவர் வண்டி ஏறும் முன் நடைமேடை ஓரத்துச் சிறு இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை பெற வேண்டும். முத்திரை விழுந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம்தான் டிக்கெட்டுக்கு உயிர். முதல் இயந்திரம் என் டிக்கெட்டைச் சிறிது நேரம் சுவைத்துப் பார்த்துவிட்டு வெறுமனே துப்பியது. இரண்டாவது இயந்திரம் கரகரவென்று இருமி, ஓரத்தில் ஊரின் பெயரையும் தேதியையும் 6.52 என்ற நேரத்தையும் அரைகுறை மையில் அடித்துத் தந்தது. அதன்பின் காப்பி. நிலையக் காப்பிக் கடைகளில் முதலில் கல்லாவில் காசு கொடுத்து, ரசீதை மேடையில் காட்டி, நின்றபடியே குடித்துவிட்டு நகர வேண்டும்; நம் ஊர் ஓட்டலில் டோக்கன் வாங்கி டிகாக்‌ஷன்காரரின் முன்னால் நீட்டுவதைப் போலத்தான். பல கடைகளில் நாற்காலியில் உட்கார்ந்தால் அதே காப்பிக்கு வேறு விலை. எனவே நின்றேன். கழிவறைக்கு ஒரு யூரோ கேட்டார்கள். வண்டியிலேயே இலவசமாக இருக்கிறதே என்று அதையும் சேமித்தேன். எங்கள் பெட்டியின் கழிவறைக் கதவில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது.

எதிர் இருக்கைகளில் வயதான தம்பதியர் அமர்ந்திருந்தனர். கணவர் ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி. சுற்றுலாப் பயணிகளிடம் பேசிப் பேசி வளர்த்த ஆங்கிலம் அவரிடம் இருந்தது. மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது, அதற்காக அவர் பேசாமலும் இல்லை. தனியாகவா வந்திருக்கிறாய், வீட்டில் தெரியுமா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்ற மூன்று கேள்விகளையும் அரேட்ஸோ வருவதற்குள் கணவர் வாயிலாகக் கேட்டு முடித்துவிட்டார்.

கியூசி நிலையத்தில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்து மலை ஊரான மோந்தெபுல்சானோதான், 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்து தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற கிறித்தவத் துறவி ராபர்ட் தெ நொபிலியின் குடும்பத்துப் பூர்விகம். கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து மதுரைக்குப் போனவரின் ஊருக்கருகில், ரோம் போய்ச் சேருவோமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது மணி 9.01 ஆனது. டிக்கெட் பரிசோதகர் ஒலிபெருக்கியில் பேசினார். வேலைநிறுத்தம் தொடங்கியபின் ஒரு மணி நேரத்துக்குள் கடைசி நிலையத்தை அடையும் வண்டி முழுதும் ஓடும், அடையாத வண்டி வழியில் ஏதேனும் ஒரு நிலையத்தோடு நின்றுவிடலாம் என்பது விதியாம். எங்கள் வண்டி ஓர்வியேத்தோவோடு முடியும்.

பெரியவர் இதைக் கேட்டு மகிழ்ச்சியோடு தலையசைத்தார். "எங்கள் காலத்தில் கியூசியிலேயே நிறுத்தியிருப்போம்" என்றார். மனைவி சொன்ன பதிலை அவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஓர்வியேத்தோவில் நிலையம் கீழே இருக்கிறது, ஊர் எரிமலைப் பாறை மேட்டின் தலையில் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரிலேயே மேலே ஏற்றிச் செல்லும் இழுவை ரயில் உள்ளது. 1888இல் தொடங்கியபோது, மேலிருக்கும் பெட்டியில் தண்ணீரை நிரப்பி அதன் எடையால் கீழ்ப் பெட்டியை இழுத்தார்களாம், இப்போது மின்சாரம். அதற்கு வேலைநிறுத்தம் இல்லை, கட்டணமும் ஒன்றரை யூரோவுக்குள்தான். முப்பதிலிருந்து முதல் கழித்தல்.

மேலே இறங்கியதும் சான் பத்ரீசியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இந்த ஊருக்கு ஓடிவந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற அச்சத்தில் இதைத் தோண்டச் சொன்னார். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். ஒன்றையொன்று தொடாமல் சுழன்று செல்லும் இரண்டு படிவரிசைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீருக்குக் கீழே போகும் கழுதையும் சுமந்து மேலே வரும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமலிருக்க அந்த ஏற்பாடு. "இரட்டை ரயில் பாதையை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான்" என்று பெரியவர் பெருமை கொண்டார். மனைவி எங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் அமர்ந்துவிட்டார். இறங்கும்போது ஒருவழிப் பாதையின் நுட்பத்தை வியந்துகொண்டே சென்ற நானும் பெரியவரும், ஏறும்போது சுவரில் வெட்டியிருந்த சாளரத்துக்குச் சாளரம் நின்று, காட்சியை ரசிப்பதாக ஒருவருக்கொருவர் பாவனை செய்துகொண்டோம். சாளரத்தின் வழியே தெரிந்தது கிணறு மட்டும்தான். நுழைவுச்சீட்டுக்கான பணமும் முப்பதிலிருந்து போயிற்று.

1290இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் நான் ரோம் போய்ச் சேர முடியாது. கருங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அடுக்கிய அதன் சுவர்களைப் பார்த்தவாறு, ஒரு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் படியில் உட்கார்ந்து தின்றுவிடலாம் என்பதுதான் என் திட்டம். அந்த அம்மாள் அதற்கு இடம் தரவில்லை. மூவருமாக உணவகம் ஒன்றில் நுழைந்து, கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ் போன்ற உம்ப்ரிகெல்லி உண்டோம். நான் பட்டியலை வலப்பக்கத்திலிருந்து, அதாவது விலையிலிருந்து, வாசித்ததை அவர் கவனித்துவிட்டார். பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு யூரோ கூடுதலாக இருந்தது. மேசையில் உட்கார்ந்ததற்கான கட்டணம். காலையில் நின்றபடி காப்பி குடித்துச் சேமித்ததை இந்த ஒரு வரி வட்டியோடு வசூலித்துக்கொண்டது.

பிற்பகலில் கோட்டைப் பூங்காவிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்தபோது, வேலைநிறுத்த நாளிலும் ஓட வேண்டியவை என்ற பட்டியலில் இருந்த அதிவேக ரயில் ஒன்று, ஓர்வியேத்தோ என்று ஓர் ஊர் இருப்பதையே சட்டை செய்யாமல் ரோமை நோக்கிப் பறந்தது.

ஐந்து மணிக்குப் பிறகு வந்த முதல் வட்டார ரயிலில் கால் வைக்க இடமில்லை. கதவோரத்தில் நாங்கள் மூவரும், ஒரு சைக்கிளும், அதன் சொந்தக்காரரும் நின்றுகொண்டிருந்தோம். ஓர்தே தாண்டியதும் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட்டை வாங்கி, மங்கிப் போயிருந்த 6.52ஐ வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நான்கு மணி நேரம் முடிந்துவிட்டதே என்றார். நான் வாய் திறப்பதற்குள் பெரியவர், அவர் மனைவி, சைக்கிள்காரர், கழிவறைக் கதவில் சாய்ந்திருந்த மாணவி என்று எல்லோரும் எனக்காக ஒரே நேரத்தில் வாதாடத் தொடங்கினர். அந்த அம்மாள் கிணற்றையும் படிகளையும்கூடச் சாட்சிக்கு இழுத்தார் என்பது அவருடைய கையசைவிலிருந்து புரிந்தது. இடையில் பெரியவர் குரலைத் தாழ்த்திப் பரிசோதகரிடம், இன்று நீயும் வேலைநிறுத்தத்தில் இருந்தாயா என்று கேட்டார். ஆம் என்றார் அவர். பெரியவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பரிசோதகர் பேனாவை எடுத்து, வண்டி ஆடிய ஆட்டத்தில், முத்திரைக்குப் பக்கத்தில் ஏதோ கிறுக்கித் திருப்பித் தந்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். "பார்த்தாயா, தொழிற்சங்கத்துப் பையன்" என்று பெரியவர் மனைவியிடம் பூரித்தார். மனைவி என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். இம்முறை சைக்கிள்காரர் மொழிபெயர்த்தார்: "அதனால்தான் கையெழுத்து உங்களுடையதைப் போலவே இருக்கிறது."