அது பேய்க்கதை இல்லையாம்

காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவதை எங்கள் வீட்டில் யாரும் கேம்பிங் என்று சொன்னதில்லை. ‘கோயிலுக்குப் போறோம்’, அவ்வளவுதான். அண்டா, அரிசி மூட்டை, தார்ப்பாய், நேர்ந்துவிட்ட கிடா, பதினேழு பேர் என எல்லாம் ஒரே லாரியில். திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுவிடுவோம். சுற்றிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்.

1994 ஆடி அமாவாசை. சிங்கம்பட்டி ஜமீன் ராஜா தர்பார் உடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பெரியவர்கள் போய்விட்டார்கள். (அந்த ராஜா 2020-ல் தவறிவிட்டார்.) அடுப்பில் இரண்டு கட்டையைத் தள்ளிவிட்டு சித்தப்பா உட்கார்ந்தார். சுற்றி நாங்கள் ஏழு பிள்ளைகள். காவலுக்கு ஆச்சி.

“ஏல, அய்யன் எல்லையில பேய்க்கதை பேசப்புடாது.”

“பேய் இல்லம்மா, சாமி கதைதான் சொல்லுதேன்.”

பட்டவராயன் கதை. செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு மல்லுக்கட்டி உயிரைவிட்ட பிராமணப் பையன். அவர் சந்நிதியில் நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பு கட்டுவார்கள். கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பகலில் பார்த்திருந்தோம். ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு அவர் காடு சுற்றுகிறார், அதனால்தான் அடி தேய்ந்துபோகிறது என்று ஊரே நம்புகிறது.

சித்தப்பா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். “குடில் குடிலா வந்து தலைய எண்ணுவாரு. கணக்கு சரியா இருக்கணும்லா?”

சொல்லிவிட்டுக் கொள்ளிக்கட்டையைத் திருப்பிப் போட்டார். அதற்கு மேல் பேசவே இல்லை. மனுஷன் கெட்டிக்காரர்.

படுத்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. கங்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தலைகளை எண்ணினேன். என்னோடு சேர்த்து எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டேதான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்; விடியும்வரை ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

பக்கத்துக் குடில் பிள்ளை அம்மாவைத் தேடி அழுது, எங்கள் பாயில் வந்து படுத்துக்கொண்டதாம். அம்மா சொன்னது. சித்தப்பா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டவராயன் சந்நிதியில் கும்பிடச் சொன்னால், அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு செருப்பின் அடியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.