அந்த ஃபேக்டரியை நீ பார்த்திருக்கிறாயா?

அக்கா மகள் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், "சித்தி, பி.ஆர்.ல சேரலாமா, இல்ல ஏஐ வந்து அந்த வேலையே போயிடுமா?" என்று கேட்டாள். அங்கேயே ஏதோ சொல்லி வைத்தேன், ஆனால் சொன்னது எனக்கே போதவில்லை. 16 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மூன்று ஏஜென்சி, அப்புறம் ஒரு நிறுவனத்துக்கு உள்ளேயே சில வருடம், இப்போது தனியாக. அவளுக்கும் இதே கேள்வியோடு இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் ஊரில் பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு என்று சொன்னால் இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஒருவர் கலெக்டர் ஆபீஸ் பி.ஆர்.ஓ., இன்னொருவர் சினிமா பி.ஆர்.ஓ. தமிழ் சினிமாவில் அந்த வேலைக்கு ஒரு மரியாதை வாங்கித் தந்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில்தான் அவர் மக்கள் தொடர்பாளர் ஆனார், அதற்கு முன் தமிழ்ப் படங்களில் அப்படி ஒரு வேலையே கிடையாது. ஆனால் அவரை இன்றைக்கும் பேசுவது அதற்காக மட்டும் இல்லை. எந்தப் படம் எந்த வருடம் வந்தது, யார் எடுத்தது, யார் நடித்தது என்று படங்களும் தகவல்களுமாக ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்தார். ஒரு சந்தேகம் என்றால் பத்திரிகைக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்பதால். ஒரு பி.ஆர். ஆளுக்கு இதைவிடப் பெரிய பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் சேர்ந்தபோது இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. ஏஜென்சியில் முதல் இரண்டு வருடம் எல்லாருக்கும் ஒரே வேலைதான். காலையில் எட்டு மணிக்கு முன்னால் பேப்பர் எல்லாம் பார்த்து கிளையன்ட் பெயர் வந்திருக்கிறதா என்று தேடி, வெட்டி, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். பிற்பகலில் பிரஸ் நோட், அதாவது கிளையன்ட் பற்றிய செய்தியைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புகிற வேலை. மாலையில் செய்தியாளர்களின் பெயரும் நம்பரும் இருக்கிற மீடியா லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு ஐம்பது அறுபது பேருக்குப் போன் போட்டு, "சார், நோட் வந்துச்சா சார், நாளைக்கு வருமா சார்?" என்று கேட்க வேண்டும். பத்திரிகை டெஸ்க்கில் பக்கம் முடிக்கிற நேரத்தில் இந்தப் போன் போனால் அவர்களுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த இரண்டாவது வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு கிளையன்ட் புது யூனிட் திறந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய குறிப்பில், உள்ளூர் இளைஞர்கள் 500 பேருக்கு வேலை கிடைக்கும் என்று நடுவில் ஒரு வரி இருந்தது. நான் அதைத் தமிழில் எழுதினேன். செய்தி அந்த வரியில்தான் இருக்கிறது என்று தெரிந்ததால் அதை எடுத்து முதல் பத்திக்குக் கொண்டுவந்ததும் நான்தான். மறுநாள் மாவட்டப் பதிப்பில் நான்கு காலம் அகலத்துக்குப் பெரிதாக வந்தது. ஆபீஸில் கைதட்டினார்கள்.

நான்காம் நாள் காலை அந்த ஊர்ச் செய்தியாளர் கூப்பிட்டார். "ஏம்மா, நீ அனுப்புனதத்தான் நான் போட்டேன். காலையிலேர்ந்து பசங்க ஃபேக்டரி கேட் முன்னாடி நிக்கிறானுங்க, ஐடிஐ சர்டிபிகேட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு. ஆளு எடுக்கலன்னு வாட்ச்மேன் திருப்பி அனுப்புறான். அதுல ரெண்டு பேரு என் தெருப் பசங்க, நேரா என் வீட்டுக்கே வந்துட்டானுங்க." நான் "கிளையன்ட்கிட்ட கேட்டுச் சொல்றேண்ணே" என்று இழுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "அந்த ஃபேக்டரிய நீ பாத்திருக்கியாம்மா?"

பார்த்ததில்லை. அன்றைக்கு விசாரித்தபோதுதான் தெரிந்தது, வேலை இருந்தது அறுபது எழுபது பேருக்கு, அதிலும் பாதிப் பேர் வேறு யூனிட்டிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள். 500 என்பது லாரி ஓட்டுகிறவர், கேன்டீன்காரர், கட்டட வேலை ஆட்கள் வரை எல்லாரையும் சேர்த்து, எல்லாக் கட்டமும் முடிந்த பிறகு வரலாம் என்று யாரோ ஒரு பிரசன்டேஷனில் போட்டு வைத்த கணக்கு. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஸ்லைடிலிருந்து மெயிலுக்கு, மெயிலிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து பேப்பருக்கு வந்துவிட்டது, வழியில் ஒருவரும் இது என்ன எண் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திருத்தம் அனுப்பலாம் என்றேன். வேண்டாம், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியாளர் அதற்கப்புறம் இரண்டு வருடம் என் போனை எடுக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்ற பையன்களை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த பிளாஸ்டிக் கவர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பி.ஆர். பாடப் புத்தகம் எதைத் திறந்தாலும் முதலில் இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ வருவார். 1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கத்தில் ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவரை விபத்து என்றால் ரயில் கம்பெனிகள் மூடி மறைக்கும். அந்த ரயில் கம்பெனிக்கு வேலை பார்த்த லீ நடந்ததை எழுதிக் கொடுத்து, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். முதல் பிரஸ் நோட் அதுதான் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இதே லீயைப் பற்றி இன்னொன்றையும் வகுப்பில் சொல்ல வேண்டும். 1914இல் கொலராடோ நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில், லட்லோ என்ற இடத்தில் தொழிலாளர் கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அதன் பிறகு லீ, அங்கே பெரிய சுரங்கக் கம்பெனியைக் கையில் வைத்திருந்த ராக்ஃபெல்லர் தரப்புக்காக வேலை பார்த்தார். சுரங்க முதலாளிகள் கொடுத்த தகவலை அப்படியே துண்டறிக்கையாகப் போட்டு அனுப்பினார், அதில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் போன்ற கணக்குகள் தப்பும் தவறுமாக இருந்தன. அவர்கள் கொடுத்தது உண்மையா என்று பார்க்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று விசாரணை ஆணையம் கேட்டபோது, ஒன்றும் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நான் இதைப் படித்தது என்னுடைய 500க்குப் பல வருடம் கழித்து. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேனோ என்னவோ.

இதில் எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த மாதக் கடைசியில் கிளையன்டுக்குப் போன, எங்கெங்கே செய்தி வந்தது என்று காட்டுகிற கவரேஜ் ரிப்போர்ட்டில் அந்தச் செய்திதான் முதல் பக்கம், அதற்குத்தான் இருப்பதிலேயே அதிக மதிப்பு. ஏவிஇ என்று ஒரு கணக்கு இருக்கிறது. செய்தி வந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் எவ்வளவு ஆகும் என்று பெருக்க வேண்டும். 200 சதுர சென்டிமீட்டர், விளம்பரக் கட்டணம் சதுர சென்டிமீட்டருக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம். செய்திக்கு நம்பகத்தன்மை அதிகம் என்று சொல்லி அதை மூன்றால் பெருக்கி மூன்று லட்சம் என்று காட்டுகிறவர்களும் உண்டு. அதில் பிழையான செய்திக்கும் அதே மூன்று லட்சம்தான், படித்தவர் ஏமாந்தாரா என்பதற்கு அந்த எக்செல் ஷீட்டில் கட்டமே கிடையாது. 2010இல் பார்சிலோனாவில் இத்துறைக்காரர்கள் கூடி ஏவிஇ என்பது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று தீர்மானமே போட்டார்கள், அதன் பிறகு அந்தக் கோட்பாடுகளைப் பல முறை புதுப்பித்தும் விட்டார்கள். ஆனால் போன மாதம் கூட ஒரு கிளையன்ட் என்னிடம் ஏவிஇ எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார். இப்போது நான் கொடுப்பதில்லை. அதனால் இரண்டு வேலை போயிருக்கிறது, பரவாயில்லை.

சரி, ஏஐக்கு வருகிறேன். தமிழ் பிரஸ் நோட்டை மெஷினில் போட்டு எடுப்பது புதிதில்லை. 'பிளான்ட்' திறப்பு விழாவைச் செடி திறப்பு விழா என்று மொழிபெயர்த்து வந்த நோட்டை நானே பார்த்திருக்கிறேன். இன்றைய ஏஐ அந்த மாதிரித் தப்பெல்லாம் அதிகம் செய்வதில்லை, இலக்கணம் சுத்தமாக இருக்கிறது, அதுதான் ஆபத்து, யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. சில மாதத்துக்கு முன்னால் சிறு கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் நோட் என்னிடம் சரிபார்க்க வந்தது. மகளிர் குழுக்களுக்குப் 'பாதுகாப்பற்ற கடன்' வழங்குகிறோம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'அன்செக்யூர்ட்'. தமிழில் அது ஜாமீன் இல்லாத கடன், பிணையில்லாக் கடன். கடன் வாங்கப் போகிற ஒரு பெண் 'பாதுகாப்பற்ற' என்று படித்தால் என்ன நினைப்பாள்? அதே நோட்டில் எம்.டி. சொன்னதாக மேற்கோள் குறிக்குள் நான்கு வரி இருந்தது. கேட்டால், எம்.டி. அப்படி எதுவும் சொல்லவில்லை, ஏஐ எழுதியது, அவர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டிவிட்டார் என்றார்கள்.

அந்தப் பக்கம் செய்தியாளர்களின் நிலைமையும் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த பல இடங்களில் முன்பு மூன்று பேர் பார்த்த பீட்டை, அதாவது ஒரு செய்திப் பிரிவை, இன்று ஒருவர் பார்க்கிறார், பேப்பருக்கு எழுதி, வெப்சைட்டுக்குப் போட்டு, போனில் வீடியோவும் எடுக்கிறார். நாம் அனுப்புவதைச் சோதிக்க அவருக்கு நேரமில்லை, அப்படியே போய்விடுகிறது. அப்படியென்றால் சோதிக்கிற பொறுப்பு நம் மேசைக்கு வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அக்கா மகளே, உன் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. நோட் எழுதுகிற வேலையை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் கஷ்டம்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நேரில் போய்க் கேட்கிற ஆளுக்குத் தேவை முன்னைவிட அதிகம்.

கவர் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பிரஸ் மீட்டில் செய்தியாளருக்குக் கொடுக்கிற ஃபைலுக்குள் காசு போட்ட கவர் வைக்கிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எல்லாச் செய்தியாளரும் வாங்குவதில்லை, முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவது பற்றிப் பிரஸ் கவுன்சில் 2010இல் அறிக்கையே கொடுத்தது. இன்றைக்கு அந்தக் கவர் இன்ஃப்ளூயன்சர் பேமென்ட் ஆகியிருக்கிறது. காசு வாங்கினால் அது விளம்பரம் என்று பதிவிலேயே சொல்ல வேண்டும் என விளம்பரத் தரக் குழுவான ஆஸ்கி 2021இலிருந்து சொல்கிறது. 'ஆர்கானிக்கா, காசு வாங்காம தானா போட்ட மாதிரி தெரியணும், அந்த லேபிள் வேண்டாம்' என்று உன்னிடம் ஒரு கிளையன்ட் கேட்பார். முடியாது என்று சொல்லப் பழகு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் இருக்கிறது, தப்பு செய்தால் பதிவைப் பறிக்கும். நம் தொழிலில் சேர உரிமமும் வேண்டாம், பறிக்க ஆளும் கிடையாது.

எங்கே சேர்வது என்பதையும் யோசி. லண்டனில் பெல் பாட்டிஞ்சர் என்று பெரிய ஏஜென்சி இருந்தது. தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் கம்பெனிக்காக இனப் பகையைக் கிளப்புகிற பிரசாரம் செய்தது வெளியே வந்து, 2017 செப்டம்பரில் அந்த ஏஜென்சி பி.ஆர். தொழில் அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டது. சில நாளிலேயே ஏஜென்சி விழுந்தது. அந்த கிளையன்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களுக்கும் வேலை போனது. ஆகவே இன்டர்வியூவில் உன்னைக் கேள்வி கேட்பார்கள், நீயும் கேள், எந்த கிளையன்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், ரூம் வாடகை கொடுத்தால் பெரிதாக மிச்சம் நிற்காது. ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை ஏஜென்சி மாறினால் சம்பளமும் டைட்டிலும் ஏறும், அதற்காக மாறுகிறவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவமோ நிதியோ வாகனத் துறையோ ஏதாவது ஒன்றை உள்ளே போய்ப் படித்து வைத்துக்கொள். ஆண்டறிக்கை படிக்கத் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் முக்கியமான தகவல் பேப்பருக்குப் போவதற்கு முன் சந்தைக்குப் போக வேண்டும். 2024 ஜூன் 1 முதல் பெரிய 100 கம்பெனிகளுக்கும், டிசம்பர் 1 முதல் 250 கம்பெனிகளுக்கும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி இன்னொரு விதியும் போட்டிருக்கிறது. மீடியாவில் ஒரு வதந்தி வந்து பங்கு விலை குறிப்பிட்ட அளவுக்கு ஆடினால் 24 மணி நேரத்துக்குள் ஆமாம், இல்லை, அல்லது விளக்கம் என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். இது தெரிந்த ஆளை மீட்டிங்கில் உட்கார வைப்பார்கள், தெரியாதவரிடம் மீட்டிங் முடிந்து மெயில் வரும்.

அப்புறம் உன் தமிழ். நிறைய கிளையன்டுகளுக்குத் தமிழ் என்பது சாயங்காலம் நாலு மணிக்கு ஞாபகம் வருகிற கடைசி வேலை. நீ முதல் வரைவையே தமிழில் எழுது. தமிழில் சொல்ல முடியாத ஒரு வாக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஒன்றும் சொல்லியிருக்காது, அதை அங்கேயே பிடித்துவிடலாம்.

அந்தச் செய்தியாளர் அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அவரே கூப்பிட்டார், வேறு கம்பெனியைப் பற்றி ஒரு தகவல் சரியா என்று கேட்க. அரை மணி நேரத்தில் பார்த்துச் சொன்னேன், அது தப்பு, போடாதீங்கண்ணே என்று. அது என் கிளையன்டுக்குச் சாதகமான செய்திதான்.

வியாழக்கிழமை ஓரகடத்தில் ஒரு யூனிட்டுக்குப் போகிறேன், இன்னும் நோட் எழுதவில்லை. அக்கா மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஷூ போட்டுக்கொண்டு வா என்று மெசேஜ் போட்டேன், செருப்போடு போனால் மெஷின் ஓடுகிற இடத்துக்குள் விட மாட்டார்கள்.