நற்கருணை வரிசையில் ஒரு காதல் பாட்டு

பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். போன மாதம் ஒரு திருமணத் திருப்பலியில் (பூசையில்), கிறிஸ்துவின் உடலாக நாங்கள் ஏற்கும் அப்பமாகிய நற்கருணையை வழங்கும் நேரத்தில், மணமகனின் நண்பர் திரைப்படக் காதல் பாட்டு ஒன்றைப் புல்லாங்குழலில் வாசித்தார். மெட்டு மட்டும்தான். ஆனால் வரிசையில் வந்த ஒரு பெண், கூப்பிய கைகளுக்குப் பின்னால், அந்த வரிகளை முணுமுணுத்தபடியே பீடத்தை நெருங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மெட்டு வந்தால் சொல்லும் கூடவே வந்துவிடும். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-இல் கோவிலுக்குள் பியானோவையே தடை செய்தார். அந்த அளவுக்கு நான் போகவில்லை. 1963-இல், உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் கொடுத்தது. நம் தபேலாவும் ராகங்களும் பீடத்தருகே ஒலிப்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் உலகியல் மேடைக்கென்று இயற்றிய இசை, எவ்வளவு தரமானதாக இருந்தாலும், கோவிலுக்குள் கச்சேரியாகக்கூட வேண்டாம் என்று 1987-இல் வத்திக்கான் எழுதியது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

மணமகள் நுழையும்போது வழக்கமாக வாசிக்கும் அந்த ஊர்வல இசை? ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ‘லோஹன்கிரின்’ ஓபராவில் (இசை நாடகத்தில்), மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துச் செல்லும் காட்சிக்கு எழுதியது. எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இனி வாசிக்கப் போவதில்லை.

அடுத்த திருமணத்துக்கு மணமகள் இரண்டு திரைப்பாடல்கள் கேட்டிருக்கிறார். வரவேற்பு மண்டபத்தில் இரண்டையும் நானே வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.